எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் A

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு சைவக் கடைக்கு மேல்மாடியில், "சிவபாதசுந்தரம் - தனியார் விசாரணை" என்று பலகை தொங்கும் அறைக்குள் அன்று காலை ஏறி வந்த பெண்ணை இருக்கச் சொன்னார்கள். இருந்தாள். அதற்குப் பிறகு எழும்ப மறுத்துவிட்டாள்.

சிவபாதசுந்தரம் கொலையோ கொள்ளையோ துப்பறிந்தவரல்ல. லண்டன் மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கிறதா, கனடா மாப்பிள்ளையின் 'எஞ்சினியர்' உத்தியோகம் பெற்றோல் செட்டிலா என்று விசாரித்துச் சொல்வதே அவருடைய தொழில். அவர் குழப்பிய கலியாணங்களை வரிசையில் நிற்க வைத்தால் பம்பலப்பிட்டிச் சந்தி வரை போகும். அதில் பாதிப்பேர் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மற்றப் பாதிப்பேர் வரும் பக்கம் அவர் போவதில்லை.

"எம் புருசன் பொய் சொல்ல மாட்டாருங்க," என்றாள் அந்தப் பெண். பெயர் பெத்தாள். ஜிந்துப்பிட்டியிலிருந்து விடியவே பஸ் ஏறியிருந்தாள். "பொய் சொல்லணும்னா கொஞ்சமாச்சும் கெட்டித்தனம் வேணும். அவருக்கு அது கிடையாது."

அவள் புருசன் சுடலைமுத்து, 'கலங்கரை பார்சல் சேர்விஸ்' கம்பனியில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டு திரிபவன். கௌரி என்று ஒரு பெண்ணின் பாஸ்போர்ட், விசாக் குத்தி, ஒரு தூதரகத்திலிருந்து அவன் கம்பனி மூலமாக வந்தது. அதை வீட்டில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினேன் என்கிறான் அவன். வந்து சேரவேயில்லை என்கிறாள் கௌரி. யுத்த காலம். தமிழ்ப் பெயருள்ள ஒரு பாஸ்போர்ட் காணாமற் போனால் அது களவு என்ற சின்னக் கணக்கில் வராது, நாட்டின் பாதுகாப்பு என்ற பெரிய கணக்கில் வரும். மூன்று நாளாக சுடலைமுத்து பொலிஸ் கூட்டுக்குள் இருந்தான். அன்று பொழுதுபட அவனை மேல் விசாரணைக்கு இரகசியப் பொலிசின் நாலாம் மாடிக்கு அனுப்புவதாக இருந்தது. அந்த மாடிக்கு ஏறுகிறவர்கள் இறங்கும் நாளை எந்தப் பஞ்சாங்கமும் போடுவதில்லை.

"பொலிசில அவர் என்ன சொன்னவர்?" என்றார் சிவபாதசுந்தரம்.

"இருவத்தாறாம் நம்பர் வீடு. கேட்டுல எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல A. வயசான ஐயா ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. மூணு நாளா இதத்தான் சொல்றாரு."

"எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில... என்னது?"

"A. தொங்குச்சாம்."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ரமணி விரலை நிறுத்தினாள். கொட்டாஞ்சேனைச் செட்டியார் வீட்டுப் பெண். அந்த அறைக்கு உதவியாளராக வந்து ஏழு வருடம். அவள் வாய் வந்து எட்டு வருடம் என்பார் சிவபாதசுந்தரம்.

"சார், லண்டன் மாப்பிள்ளைங்கள ஓரமா வைங்க. இது பழக்கடை கேசு," என்றாள்.

பொலிஸ் சும்மா இருக்கவில்லை. சுடலைமுத்துவை ஏற்றிக்கொண்டு கௌரி வீடு இருக்கிற வெள்ளவத்தை ஒழுங்கைக்கே போய்ப் பார்த்திருந்தது. இருபத்தாறு என்பது ரோட்டுக்கு முகம் காட்டும் முன்வீடு. இருபத்தாறு A என்பது பக்கத்து நடைபாதையால் உள்ளே போனால் வரும் பின்வீடு. பின்வீட்டில் கௌரியும் தாயும் மட்டும், கிழவர் எவரும் இல்லை. முன்வீட்டில் ஒரு கிழவர் இருந்தார், ஆனால் கேட்டில் A இல்லை. "அந்தப் பிள்ளைக்கு வந்த ஒண்டும் என்னட்டை இல்லை" என்று அவர் சத்தியமும் செய்தார். பொலிஸ்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அம்மா, நீங்கள் வீட்டை போங்கோ. நாங்கள் பாக்கிறம்," என்றார் சிவபாதசுந்தரம்.

"நான் இங்கயே இருக்கேங்க. நீங்க பாத்துட்டு வாங்க."

சொந்த அறையிலிருந்து துரத்தப்பட்ட துப்பறிவாளர் ரமணியோடு படியிறங்கினார்.

கம்பனி கொட்டாஞ்சேனையில். பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலத் தூரம் என்று கம்பன் காலத்தில் யாரோ சொன்னது. இடையில் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏற வேண்டும். மூன்றாவது சாவடியில் ஆமிக்காரன் அவருடைய அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கொஹேத யன்னே?"

கொட்டாஞ்சேனைக்கு என்றார். எதற்கு என்றான். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு A தேடி என்று சொல்ல அவருக்குச் சிங்களமும் போதவில்லை, துணிவும் போதவில்லை. "மாமா நோயாளி," என்று ரமணி சிங்களத்தில் சொல்லி, தன் தலைக்குப் பக்கத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். ஆமிக்காரன் அனுதாபத்தோடு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அவருக்கு அன்றைய தினத்தின் முதல் எரிச்சல் அங்கே ஏறியது. பிறகு அது இறங்கவேயில்லை.

கலங்கரை பார்சல் சேர்விஸில் கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பு மஜீட். குளிரூட்டி கம்ப்யூட்டருக்கு, விசிறி மனிதருக்கு என்று பிரித்து வைத்த அறை. மஜீட் பிளேன்டீக் கோப்பையைக் கொண்டுவந்து, மேசையில் இடம் இல்லாததால், 'அப்படி ஒருவர் இல்லை' என்று முத்திரை குத்தித் திரும்பி வந்த உறைகளின் அடுக்கின் மேல் வைத்தான்.

"கௌரி எண்ட பிள்ளை விலாசம் எப்பிடிக் குடுத்தவ?" என்றார் சிவபாதசுந்தரம்.

"26A சேர். ஒட்டித்தான் எழுதி ஈக்கிது."

"சுடலைமுத்துவிட்டைக் குடுத்த சீட்டில?"

மஜீட் பிரதியை எடுத்துக் காட்டினான். 'வீடு 26 - பிளாட் A' என்றிருந்தது.

"ஆர் இதைப் பிரிச்சது?"

மஜீட் நெஞ்சை நிமிர்த்தினான். "ரூல் சேர். நான் எழுதின ரூல்."

விளக்கம் தொடங்கியது. வெள்ளவத்தையில் கண்ட இடமெல்லாம் பிளாட் முளைத்துவிட்டது. ஒரே ஆள் ஒரு நாள் 14B என்று எழுதுவார், மறுநாள் இடைவெளி விட்டு 14 B என்பார், அதற்கு அடுத்த நாள் பிளாட் B, 14 என்பார். கம்ப்யூட்டருக்கு அது மூன்று மனிதர். மூன்று பேரையும் ஒருவராக்க வேண்டுமென்றால் விலாசங்கள் எல்லாவற்றையும் ஒரே சீராக்க வேண்டும். ஆகவே கம்ப்யூட்டர் விலாசத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. வெறும் இலக்கத்துக்கு ஒரு தொப்பிக் குறி. வெறும் எழுத்துக்கு ஒரு கூட்டல் குறி. இலக்கமும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஓர் அம்புக் குறி.

"அம்பு வந்தா?"

"வெட்டும் சேர். முன்னுக்கு ஈக்கிற இலக்கம் வீடு. பின்னுக்கு ஈக்கிற எழுத்து பிளாட்."

"சேர்ந்து இருக்கிறவங்களப் பிரிச்சு வைக்கிறது. எங்க மாமியார்கிட்ட படிச்சீங்களா?" என்றாள் ரமணி.

"பிளாட்டே இல்லாத வீடெண்டா?" என்றார் சிவபாதசுந்தரம்.

"அது கம்ப்யூட்டருக்கு எப்பிடித் தெரியும் சேர்? அது வெள்ளவத்தைக்குப் போய்ப் பாக்கவா?" மஜீட் குரலைத் தாழ்த்தினான். "முந்தி இதவிட மோசம். 57TH லேன் எண்டு வந்தா அதையும் வெட்டிரும். பையன்மார் மூணு நாள் பிளாட் TH தேடினாங்க. புறகு, அடுத்த துண்டு லேன் எண்டு ஈந்தா வெட்டப்படாது எண்டு இன்னொரு ரூல் போட்டன். இப்ப எல்லாம் சரி."

எல்லாம் சரியான அந்த அறையில் சிவபாதசுந்தரத்தின் தலை மட்டும் வலித்தது. பற்றுச்சீட்டில் வாங்கியவரின் கையெழுத்தைப் பார்த்தார். வாசிக்க முடியாது. ஒரு பாம்பு, கோட்டை விட்டு நழுவி, வால் வானத்தை நோக்கிப் போய், அடியில் இரண்டு புள்ளி இட்டிருந்தது. அந்த வாலை அவருக்குத் தெரியும். கடிதத்தில் கையெழுத்துப் போடும் சம்பந்தி வீட்டாரில் பத்துக்கு மூன்று பேர் இப்படித்தான் மேலே பறப்பார்கள்.

"எண் சாத்திரக்காரன் சொல்லிக் குடுத்த கையெழுத்து, பிள்ளை. வாங்கினவர் நம்பர் பாக்கிற ஆள்."

"கொழும்புல நம்பர் பாக்காத ஆளைக் கண்டுபிடிங்க சார், அதுதான் துப்பு," என்றாள் ரமணி.

திரும்பவும் பஸ். திரும்பவும் சாவடி. அதே ஆமிக்காரன், "மாமாவுக்கு எப்படி?" என்று சிங்களத்தில் விசாரித்தான். "முத்திவிட்டது" என்றாள் ரமணி.

ஒழுங்கையில் இறங்கியபோது வெயில் கடலில் பட்டு முகத்தில் அடித்தது. இருபத்தாறாம் இலக்கத்தின் முன்னால் நின்றார்கள். வெள்ளை இரும்பு கேட். மாநகரசபை இலக்கத் தகடு. அதற்குப் பக்கத்தில், கண்ணூறு படாமலிருக்க நூலில் கோத்துத் தொங்கவிட்ட எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும். A இல்லை.

"எலுமிச்சம்பழம் சரியா வந்திருச்சு. பாதி விடைக்குப் பாதி மார்க்," என்றாள் ரமணி.

நடைபாதையால் பின்வீட்டுக்குப் போனார்கள். கௌரிக்கு முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் மாப்பிள்ளை, கையில் பாஸ்போர்ட் இல்லை. யாரைக் கண்டாலும் கடிக்கிற நிலையில் இருந்தாள்.

"முன்வீட்டு கேட்டில எப்பவாவது A எண்டு ஏதும் தொங்கினதோ, பிள்ளை?"

"எனக்குத் தெரியாது. நாங்கள் அவையோட கதைக்கிறேல்லை. அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லை."

"எப்பயிருந்து?"

"அவையின்ர தென்னோலை எங்கட கிணத்துக்குள்ள விழுந்த நாளிலயிருந்து."

"அது எப்ப?"

"நான் ஆறாம் வகுப்புப் படிக்கேக்கை."

சிவபாதசுந்தரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்ப முன்கேட்டுக்கு வந்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஸ்டேஷனில் இந்நேரம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு தென்னோலையும் சேர்ந்து ஒரு மனிதனை நாலாம் மாடிக்கு ஏற்றப் போகின்றன, தான் ஒரு பழத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்ற கோபத்தில், அந்தப் பழத்தைக் கையால் தட்டிவிட்டார். பழம் ஆடி விலகியது.

பழம் மறைத்திருந்த ஓரத்தில், வெள்ளைப் பெயின்டின் மேல், பச்சையாக ஒரு கறை. தீப்பெட்டி அளவு. சாய்ந்த இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குப் படி. சின்ன ஏணி போல.

"ரமணி. கடற்காத்துப் பட்டால் பச்சையாக் கறை விடுறது எது?"

"செம்பு சார்." அவள் குனிந்து பார்த்தாள். "செம்புத் தகட்டுல A!"

"இருபத்தாறு. ரெண்டும் ஆறும்?"

"எட்டு. சனி."

"A எண்ட எழுத்துக்கு எண் சாத்திரத்தில ஒண்டு. எட்டும் ஒண்டும் ஒன்பது. சனியை விரட்ட ஆரோ ஒரு எழுத்தை வாங்கித் தொங்க விட்டிருக்கினம். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில தொங்கிற ஒரு துண்டுத் தகட்டை ஆர் பாப்பினம்? 26A எங்கை எண்டு கேட்டிருந்தால் சுடலைமுத்துவை ஆரும் பின்வீட்டுக்கு அனுப்பியிருப்பினம். அவன்ர சீட்டில வீடு இருபத்தாறு, பிளாட் A. இருபத்தாறைக் கண்டான். பிறகு தனியா ஒரு A-யைத் தேடினான். இந்தக் கொழும்பிலேயே தனி A தேடின ஒரே மனிசன் அவன்தான். அதுதான் அவன்ர கண்ணில பட்டது."

"இப்ப அது எங்க சார்?"

உள்ளேயிருந்து அறக்குளா மீன் குழம்பின் மணம் வந்தது. சிவபாதசுந்தரம் மூக்கால் அதை இழுத்தார். "பரிகாரம் எண்டால் ஒரு மண்டலம், பிள்ளை. நாப்பத்தெட்டு நாள் மச்சம் மாமிசம் இல்லை. இந்த மணம் என்ன சொல்லுது?"

"மண்டலம் முடிஞ்சிருச்சு. தகடு கழண்டுருச்சு."

முன்வீட்டுக்காரர் தில்லைநாதன், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், விபூதி மூன்று கோடும் அழியாமல் கதவைத் திறந்தார்.

"ஐசே, பொலிசுக்குச் சொன்னதைத்தான் உமக்கும் சொல்லுறன். அந்தப் பிள்ளையின்ர ஒண்டும் என்னட்டை இல்லை. எனக்கு வந்தது மட்டும்தான் இருக்கு. நானும் மகனட்டைப் போக விசாவுக்குக் குடுத்தனான்."

"அதில பெயர் பாத்தனீங்களோ?"

"எப்பிடிப் பாக்கிறது? அது வந்தது ராகு காலத்தில. ராகு காலத்தில வந்ததை நான் கண்ணாலும் பாக்கிறேல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினனான். கண்ணை மூடிக்கொண்டு சைன் வைச்சனான். நேரை கொண்டு போய்ச் சாமி அறையில பிள்ளையாற்ற காலடியில. வாற வெள்ளிக்கிழமை நல்ல நேரத்திலதான் கை வைப்பன்."

சாமி அறைக் கதவு திறந்திருந்தது. பிள்ளையாருக்கு முன்னால் ஒரு பழுப்பு உறை. சிவபாதசுந்தரத்துக்கும் அதற்கும் இடையில் ஆறடி, ஒரு குத்துவிளக்கு, ஒரு தில்லைநாதன்.

"ஐயா, ஒரு மனிசனை இண்டைக்குப் பொழுதுபட நாலாம் மாடிக்குக் கொண்டு போகினம். ஒருக்கால் பெயரை மட்டும் பாருங்கோ."

"வெள்ளிக்கிழமை வாரும்."

"அவன்ர பெண்சாதி என்ர கதிரையில இருக்கிறாள்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்லும்."

கெஞ்சினார். சட்டம் சொன்னார். பொலிசைக் கூட்டி வருவேன் என்றார். கிழவர் சுவரைப் போல் நின்றார். சுவரோடு கதைத்துப் பழகிய சிவபாதசுந்தரமே களைத்துக் கதிரையில் விழுந்தார். மீன் குழம்பு மணந்துகொண்டேயிருந்தது. அந்த மணத்தில்தான் அவருக்கு வழி தெரிந்தது.

எழும்பினார். குடையை எடுத்தார். "வா ரமணி, போவம். பாவம் ஐயா. நாப்பத்தெட்டு நாளும் வீணாய்ப் போச்சு."

"எது வீண்?" என்றார் தில்லைநாதன்.

"இந்த உறை வந்தது ஒன்பதாம் இலக்கத்துக்கு. A தொங்கேக்கை வந்தது. நீங்கள் A-யைக் கழட்டிப்போட்டீங்கள். இப்ப வீடு திரும்ப எட்டு. ஆனால் A-க்கு வந்த சாமான் இன்னும் உள்ளுக்கு, அதுவும் சாமி அறைக்குள்ள. பரிகாரத்தில பாதி வெளியில, பாதி உள்ளுக்கு. மண்டலம் எப்பிடி முடியும்?"

"முடியாதா சார்?" என்றாள் ரமணி, கண்ணை அகல விரித்து.

"முறிஞ்சு போச்சு. முதல் நாளிலயிருந்து திரும்பத் தொடங்க வேணும். நாப்பத்தெட்டு நாள். மச்சம் கூடாது."

தில்லைநாதன் குசினிப் பக்கம் பார்த்தார். பேலியகொடைச் சந்தையில் தானே போய்த் தெரிந்தெடுத்த அறக்குளா. அந்தப் பார்வையில் இருந்த துயரத்தைக் கண்டால் ஆமிக்காரனும் சாவடியைத் திறந்துவிட்டிருப்பான். அடுத்த கணம் எழுபது வயது மனிதர் குத்துவிளக்கைத் தாண்டிப் பாய்ந்தார். உறையோடு வெளியே ஓடிவந்து, பிடியும் பிடியும் என்று நீட்டினார். கண் இறுக்கி மூடியிருந்தது.

உறையில் 'கௌரி' என்று அச்சாகியிருந்தது.

ஸ்டேஷனுக்குக் கிழவரையும் அவர் கழட்டி வைத்த செம்புத் தகட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொறுப்பதிகாரி உறையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், செம்புத் தகட்டைப் பார்த்து "மே மொகக்த?", இது என்ன, என்றார். பற்றுச்சீட்டுக் கையெழுத்து இவருடையதுதான் என்று காட்ட, ஒரு தாளில் சைன் வைக்கச் சொன்னார். தில்லைநாதன் வைத்தார். அழகாக, தெளிவாக, ஓய்வூதியக்காரர் கையெழுத்து. பற்றுச்சீட்டில் இருந்த பாம்புக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. வாலும் புள்ளியும் மட்டும் ஒன்று.

அதிகாரி இல்லை என்று தலையை ஆட்டினார். வெளியே ஜீப் உறுமியது. சிவபாதசுந்தரத்துக்கு மேசையில் தலையை முட்ட வேண்டும் போலிருந்தது.

"ஐயா! கண்ணை மூடிக்கொண்டு வையுங்கோ!"

தில்லைநாதன் கண்ணை மூடினார். பேனை நழுவியது. பாம்பு கோட்டை விட்டு இறங்கி, வாலை வானத்துக்குத் தூக்கியது.

"ஏஸ் வஹகெனத?" என்றார் அதிகாரி. கண்ணை மூடிக்கொண்டா? அவருடைய சேவைக்காலத்தில் அப்படி ஒரு சாட்சியை அவர் கண்டதில்லை. பெரிய புத்தகத்தில் அதை எப்படி எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். எழுதாமல் கூட்டுச் சாவியை எடுத்தார்.

சுடலைமுத்து வெளியே வந்தான். மூன்று நாள் தாடி, கசங்கிய கம்பனிச் சட்டை. வாசலில் ரமணி தொலைபேசியில் வரவழைத்திருந்த பெத்தாள் நின்றாள். புருசனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேற ஏதாச்சும் பழத்தச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவன் கேட்கவில்லை. உறையைத் தன் கையில் தரச்சொன்னான். சீட்டு இன்னும் முடியவில்லையாம். எல்லாரும் திரும்ப ஒழுங்கைக்கு வந்தார்கள். அவன் நடைபாதையால் உள்ளே போய், கௌரியின் வாசலில் நின்று, "சைன் வைங்கம்மா. கண்ணத் தொறந்துக்கிட்டு," என்றான்.

கௌரி கையெழுத்திட்டாள். "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். அவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

நடைபாதை வாசலில் நின்ற தில்லைநாதனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"ஐசே, அப்ப என்ர பாஸ்போட் எங்கை?"

"உங்கட விலாசம் எப்பிடிக் குடுத்தனீங்கள்?" என்றார் சிவபாதசுந்தரம்.

"மண்டலத்துக்குள்ளதானே குடுத்தது. 26A எண்டு."

கௌரி அவரைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்துச் சொன்னாள். "முந்தநாள் புதுப் பெடியன் ஒருத்தன் இருபத்தாறு A எண்டு விசாரிச்சு இங்கை வந்தவன். தில்லைநாதன் எண்டு கேட்டான். அப்பிடி ஒருத்தர் இல்லை எண்டு சொல்லிவிட்டனான்."

சிவபாதசுந்தரம் ரமணியைப் பார்த்தார். ரமணி அவரைப் பார்த்தாள். இருவர் கண்ணிலும் ஒரே உறை அடுக்கு, அதன் மேல் ஒரே பிளேன்டீ.

"பத்திரமா இருக்கு ஐயா," என்றாள் ரமணி. "உறையில கொஞ்சம் வட்டமா இருக்கும். ராசியான வட்டம்னு நினைச்சுக்குங்க."

"தம்பி, நாளைக்கு வரேக்கை அதை எடுத்துக்கொண்டு வந்து தாருமன்," என்றார் தில்லைநாதன், சுடலைமுத்துவிடம், கிட்டத்தட்ட அன்பாக.

சுடலைமுத்து மோட்டார் சைக்கிள் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டான். வெள்ளைக் கேட்டை ஒரு முறை பார்த்தான். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். பச்சைக் கறையைப் பார்த்தான்.

"கொண்டாறேன் ஐயா. ஆனா சீட்டுல வீடு இருவத்தாறு, பிளாட் A-ன்னுதான் அச்சாகி வரும். கேட்டுல A இல்லாம இனி எவனுக்கும் குடுக்க மாட்டேன். அத மறுபடி மாட்டி வச்சிருங்க."

A மாட்டினால் திரும்ப நாற்பத்தெட்டு நாள் என்று தில்லைநாதன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, குழம்பு ஆறுது. சாப்பிட வாறியளோ, இல்லையோ?"